எவர்சில்வரின் மேல்தோல்

கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கி, பேரம் பேசி வாங்கிய புது சிங்க்கில், சல்லடை மூடிக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி தெரியும். தேய்த்தால் போகும். ஒரு வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வந்து உட்காரும். அதே வீட்டுப் பரணில், அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் குடம் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். நாற்பது வருடப் புளியையும் சாம்பலையும் தேங்காய் நாரையும் பார்த்த குடம் அது. இறக்கித் துடைத்தால் இன்றைக்கும் முகம் தெரிகிறது.

"அந்தக் காலத்துச் சாமான் அப்படி, இந்தக் காலத்து மால் இப்படி" என்று வீட்டில் ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் அந்தக் குடத்தையே புது சிங்க் இருக்கும் இடத்தில் வைத்து, அதே தண்ணீரை அதே மாதிரி தேங்க விட்டால், அதிலும் புள்ளி விழ வாய்ப்பு உண்டு. உலோகம் மின்னும் சமையலறை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நாம் பளபளப்பு என்று பார்ப்பது உலோகத்தை. அதைக் காப்பாற்றுவது கண்ணுக்கே தெரியாத வேறொன்று.

பெயர் வெட்டிய இடம்

பழைய எவர்சில்வர் பாத்திரத்தின் விளிம்பைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள்: பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, சின்ன மின்கருவியால் டர்ர்ரென்று குத்திக் கொடுத்த எழுத்துகள். உலோகத்தைக் கீறி, உள்ளே போய், பள்ளம் எடுத்த வேலை. இரும்பு வாணலியில் இப்படிக் கீறினால் மறுநாளே கீறல் சிவந்துவிடும். பெயின்ட் அடித்த கேட்டில் சாவி உரசிய இடம் முதலில் துருப்பிடிக்கும். எவர்சில்வரில் மட்டும் அந்தப் பள்ளங்கள் நாற்பது வருடமாக வெள்ளி போலவே இருக்கின்றன. காப்பு என்பது மேலே பூசிய பூச்சாக இருந்தால் இது நடக்காது.

இரும்பும் காற்றும் ஈரமும் சேர்ந்தால் துரு. தின்ற இரும்பைவிடத் துரு அதிக இடம் கேட்கும். அதனால் பருத்து, பொருக்காகி, உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருப்பிடிக்கும். இப்படியே முழுத் தகடும் போய்விடும். இரும்போடு குரோமியத்தைச் சேர்த்து உருக்கினால் கதை மாறுகிறது. ஆக்ஸிஜனைக் கண்டதும் இரும்பை முந்திக்கொண்டு குரோமியம் அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்படி உண்டாகும் குரோமியம் ஆக்ஸைடு உதிர்வதில்லை. அடியில் உள்ள உலோகத்தோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் படிகிறது. இதைக் காப்புப் படலம் என்று அழைப்போம். குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் படலம் தொடர்ச்சியாக மூடும் என்பது பொதுவான கணக்கு.

படலத்தின் தடிமன் இரண்டு மூன்று நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்கு கனமுள்ள இந்தத் தோலைத்தான் சமையலறை முழுக்க நம்பியிருக்கிறோம். அவ்வளவு மெல்லியது என்பதால் ஒளி தடையில்லாமல் ஊடுருவுகிறது. உலோகத்தின் மினுக்கு அப்படியே தெரிகிறது. பெயர் வெட்டியபோது ஊசி இதைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆழம் போனது. போன ஊசி வெளியே வந்த கணமே, பள்ளத்தின் சுவரில் இருந்த குரோமியம் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துப் புதுத் தோல் போட்டுக்கொண்டது. காய்ச்சிய பாலில் ஆடையை வழித்தெடுத்தாலும் மறுபடி படிகிற மாதிரிதான். இதற்கு வேண்டியவை இரண்டே: குரோமியமும் காற்றும். முதலாவது உலோகத்துக்குள் இருக்கிறது. இரண்டாவதைக் கொடுப்பதும் தடுப்பதும் சமையலறையை வடிவமைத்தவர் கையில்.

இந்த உலோகம் சமையலறைக்காகப் பிறந்ததல்ல என்பது ஒரு வேடிக்கை. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி, துப்பாக்கிக் குழாய் சீக்கிரம் தேய்ந்துபோகாமல் இருக்க என்ன கலவை சரி என்று தேடிக்கொண்டிருந்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக எஃகுத் துண்டுகளை அமிலத்தால் அரிக்க வேண்டியிருந்தது. குரோமியம் கூடிய துண்டை அமிலம் லேசில் தொடவில்லை. ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். எலுமிச்சையும் வினிகரும் பட்டு உணவுக்கத்திகள் கறுத்துப்போவதை அன்றாடம் பார்த்து வளர்ந்தவர் அவர். துப்பாக்கியை விட்டுவிட்டுக் கத்தியைப் பற்றி யோசித்தார். அதற்கு முந்தைய வருடம், 1912-ல், ஜெர்மனியின் க்ரூப் நிறுவனத்தில் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த எஃகுக்குக் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நம் சிங்க்கும் டம்ளரும் அந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஒரு சொட்டு போர் தண்ணீர்

புள்ளி எப்படி விழுகிறது என்பதை ஒரே ஒரு சொட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

இரவு பத்து மணி. கடைசிப் பாத்திரமும் கழுவியாயிற்று. சிங்க்கின் தரையில் ஒரு சொட்டு தங்கியிருக்கிறது. அளவு ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. கடலோரச் சென்னையில், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம், போர் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு என்று வைத்துக்கொள்வோம். (குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பும் வரம்பு 250, வேறு தண்ணீர் இல்லையென்றால் 1000 வரை அனுமதி.) இந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை எவர்சில்வருக்குப் பெரிய ஆபத்தில்லை. குளோரைடு படலத்தைச் சுரண்டினாலும், கரைந்த ஆக்ஸிஜன் உடனே சரிசெய்துவிடும்.

ஆனால் சொட்டு காய்கிறது. தண்ணீர் ஆவியாகப் போகும்; உப்பு போகாது. நள்ளிரவில் சொட்டு பாதியாகும்போது குளோரைடு லிட்டருக்கு 1000 என்ற செறிவுக்கு வருகிறது. பத்தில் ஒரு பங்காகும்போது 5000. நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்கி, ஈரப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் 20,000. கடல்நீரில் இருப்பது சுமார் 19,000. ஆக, விடிவதற்குள் உங்கள் சமையலறையில் ஊசிமுனை அளவில் ஒரு கடல் உண்டாகிவிட்டது. அடுத்த நாள் இரவும் சொட்டு அநேகமாக அதே இடத்தில்தான் நிற்கும், ஏனென்றால் தகட்டில் அந்த இடம் மயிரிழை பள்ளம். நேற்றைய உப்பின் மேல் இன்றைய உப்பு.

எந்தத் தகட்டிலும் படலம் எங்கும் ஒரே மாதிரி பலமாக இருக்காது. உருக்கும்போது கந்தகமும் மாங்கனீசும் சேர்ந்த நுண்துகள்கள் அங்கங்கே மாட்டிக்கொள்ளும். அவற்றின் ஓரத்தில் படலம் பலவீனம். செறிந்த குளோரைடு அங்கே நுழைகிறது. சின்னக் குழி ஒன்று விழுகிறது. குழிக்குள் இருந்த சொற்ப ஆக்ஸிஜனும் தீர்ந்துபோக, படலம் மறுபடி உருவாக வழியில்லை. கரையும் உலோகம் மேலும் குளோரைடை உள்ளே இழுக்கிறது; உள்ளிருக்கும் ஈரம் அமிலமாக மாறுகிறது; அமிலம் இன்னும் உலோகத்தைக் கரைக்கிறது. இதைக் குழி அரிப்பு என்பார்கள். வாய் ஊசித்துளை அளவு, உள்ளே குடைவு. நாம் பார்க்கும் பழுப்புப் புள்ளி அந்த வாயிலிருந்து வெளியே வழிந்த இரும்புத் துரு.

எல்லாப் பழுப்பும் இந்த ரகமல்ல. பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. இரும்புக் கம்பி நாரால் தேய்த்த கையோடு அதைச் சிங்க்கிலேயே போட்டுவைத்தால், அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு தாமே துருப்பிடிக்கும். இரண்டையும் பிரித்தறியச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியால் தகட்டின் கோடு போகும் திசையிலேயே தேய்த்துப் பாருங்கள். கறை போய், விரல்நகத்தால் தடவினால் வழவழவென்று இருந்தால் வந்தேறித் துரு. நகம் சொரசொரவென்று தட்டினால் குழி விழுந்துவிட்டது.

பாத்திரத்துக்கும் இதே விதிதான். ஆறிய தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுக் கிளறாமல் அடுப்பில் ஏற்றினால், அடியில் படிந்த ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் செறிந்த உப்புக் கரைசல் சூடாக நிற்கும். சில நாளில் அடிப்பாகத்தில் வெள்ளை வெள்ளையாகச் சிறு புள்ளிகள். தண்ணீர் கொதித்த பின் உப்புப் போட்டுக் கிளறினால் பிரச்சினையே இல்லை.

காற்று புகாத மூலைகள்

உப்பு ஒரு எதிரி என்றால் மூச்சுத்திணறல் இன்னொன்று. சிங்க்கின் தரையில் விரித்த ரப்பர் பாய், ஈரச் சோப்புக்கட்டி, இரவெல்லாம் கவிழ்த்துவைத்த தகரடப்பா: இவற்றின் அடியில் ஈரம் இருக்கும், காற்று இருக்காது. அங்கே நடப்பது இடுக்கு அரிப்பு. பாயின் ஓரத்தை அப்படியே படம் வரைந்தது போலப் பழுப்புக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே வடிவமைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பது. சிங்க்கின் தரை வடிகாலை நோக்கி நன்றாகச் சரிந்திருக்கிறதா என்று கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தொண்ணூறு டிகிரி வெட்டுமூலை கொண்ட சிங்க்குகள் படத்தில் அழகு. அந்த மூலைகளில்தான் சொட்டு தங்கும், துணியும் நுழையாது. கொஞ்சம் வளைந்த மூலையே என் வாக்கு. ஸ்க்ரப்பரும் சோப்பும் வைக்கத் தகட்டைத் தொடாமல் தொங்கும் கம்பிக்கூடை ஒன்று போதும். கிரானைட்டுக்கு அடியில் பொருத்தும் சிங்க்காக இருந்தால், விளிம்பும் கல்லும் சேரும் இடத்தில் சிலிக்கோன் இடைவெளி விடாமல் நிரம்பியிருக்க வேண்டும். பாதி நிரம்பிய இடுக்கு, நிரப்பாத இடுக்கைவிட மோசம்.

கடைக்காரரின் காந்தம்

பாத்திரக்கடையில் ஒரு காட்சி அடிக்கடி அரங்கேறும். விற்பவர் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டில் வைப்பார். ஒட்டாது. "பார்த்தீங்களா சார், ஒரிஜினல்!" வாங்குகிறவரும் திருப்தியாகத் தலையாட்டுவார்.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை அதே காந்தத்தில் வையுங்கள். ஒட்டும். அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான்: 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். ஆயிரம் கை மாறியும் துருப்பிடிக்கவில்லை. காந்தம் சொல்வது உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தை மட்டும். நிக்கல் போதுமான அளவு சேர்ந்தால் இரும்பின் அடுக்கு மாறி, காந்த ஈர்ப்பு போய்விடும். நிக்கல் விலை அதிகம். அதைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைப் போட்டாலும் இதே அடுக்கு கிடைக்கும். காந்தம் அப்போதும் ஒட்டாது. ஆனால் இந்த மலிவு ரகத்தில் பல சமயம் குரோமியமும் குறைந்திருக்கும். உப்புக்குச் சீக்கிரம் தோற்கும்.

சந்தையில் இவற்றுக்கு எண்கள் உண்டு. 304 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 201, 202 போன்ற 200 வரிசை மாங்கனீசு ரகம். 430 நிக்கல் இல்லாத, காந்தம் ஒட்டுகிற ரகம். இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடித்தகடு பெரும்பாலும் இதுதான், காந்தத்தன்மை அங்கே அவசியம். 316-ல் கூடுதலாக 2 சதவீதத்துக்குச் சற்று மேல் மாலிப்டினம் இருக்கும். குழி அரிப்பைத் தாங்குவதில் அதற்குத்தான் பேர். தலைமுறை வித்தியாசம் என்று வீட்டில் சொன்னதில் உள்ள உண்மை இதுதான்: 304 பரவலாக இருந்த இடங்களில் இன்று 200 வரிசை நிறைய நுழைந்துவிட்டது. சேலம் உருக்காலையில் 1981-ல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கிய காலத்துப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இன்றைய மலிவு சிங்க்கோடு ஒப்பிடுவது நியாயமில்லாத போட்டி.

இன்னொரு குழப்பமும் உண்டு. நல்ல 304 சிங்க்கின் வளைந்த மூலையில் காந்தம் லேசாக ஒட்டும். தகட்டை அச்சில் வைத்து ஆழமாக இழுக்கும்போது, மூலையில் அணு அடுக்கு ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. போலி என்று பயப்பட வேண்டாம். சந்தேகம் தீர வேண்டுமானால், மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் துளித்திரவச் சோதனைப் பெட்டிகள் கிடைக்கின்றன; ஒரு சொட்டு வைத்துச் சின்ன பாட்டரியைத் தொட்டால், மலிவு ரகத்தில் சொட்டு சிவக்கும். பில்லில் எண்ணை எழுதித் தரச் சொல்வது அதைவிட எளிது.

கண்ணாடிப் பளபளப்பா, கோடா?

ஒரே தகட்டைக் கண்ணாடி போலவும் மெருகேற்றலாம். ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும்படி தேய்த்தும் விடலாம். கண்ணாடி மெருகில் ஒளி சீராகத் திரும்பும். விரல் பட்ட எண்ணெய்ரேகை அதைக் கலைப்பதால் உடனே கண்ணில் படும். கோடு போட்டதில் ஒளி ஏற்கெனவே சிதறிக்கொண்டிருக்கிறது. கீறல் ஒன்று கூடினாலும் கூட்டத்தில் மறைந்துவிடும். கைரேகை மட்டும் முழுக்க மறையாது. எண்ணெய் கோடுகளை நிரப்பி, அந்த இடத்தைக் கருமையாகக் காட்டும். ஃபிரிட்ஜ் கதவில் தெரிவது இதுதான்.

துரு விஷயத்தில் வழுவழுப்புக்கே வெற்றி. ஆழமான கோடு என்றால் உப்பும் எண்ணெயும் தங்க அதிக இடம். அடுப்புக்குப் பின்சுவரில் எவர்சில்வர் தகடு பதிக்கிறீர்கள் என்றால், கோடு மேலிருந்து கீழாக ஓடும்படி பதியுங்கள். துடைத்த தண்ணீர் வழிந்துவிடும். கிடைமட்டக் கோடு ஒவ்வொன்றும் ஒரு சின்ன வாய்க்கால்.

தங்க நிறக் குழாய், கறுப்பு சிங்க்

இப்போதைய மோகம் இது. தங்கம், ரோஸ் கோல்டு, கன்மெட்டல். இந்த நிறங்கள் இரண்டு வழிகளில் வரும். விலை வித்தியாசமும் அங்கேதான். ஒன்று, வெறும் பெயின்ட் அல்லது பவுடர் பூச்சு. இரண்டாவது ஆவிப்படிவு, கடையில் பிவிடி என்பார்கள். காற்றை வெளியேற்றிய அறையில் டைட்டானியத்தை ஆவியாக்கி, கொஞ்சம் நைட்ரஜனை விடுவார்கள். இரண்டும் சேர்ந்த டைட்டானியம் நைட்ரைடு பொருளின் மேல் அணு அணுவாகப் படியும். அதன் இயல்பான நிறமே பொன்மஞ்சள். சாயம் எதுவும் இல்லை. கார்பனும் சேர்ந்தால் நிறம் செம்பு, வெண்கலச் சாயலுக்குப் போகும். டைட்டானியத்துக்குப் பதில் சிர்கோனியம் என்றால் வெளிறிய பித்தளை நிறம். கனம் ஒரு மைக்ரான் அளவுதான், ஆனால் எஃகைவிடப் பல மடங்கு கடினம். துளையிடும் டிரில் பிட்டுகளின் தங்கநிறம் இதே பொருள்.

கடினம் என்பதற்காகத் துரு வராது என்று நினைத்துவிடக் கூடாது. இந்தப் படிவில் கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளைகள் இருக்கும். துளை வழியே உப்பு அடித்தகட்டைத் தொடும். அடியில் 304 இருந்தால் அது தன் தோலைத் தானே பார்த்துக்கொள்ளும். அடியில் மலிவு ரகம் இருந்தால் தங்கத்தின் நடுவே பழுப்புப் புள்ளி வரும். நிறத்தைக் கேட்பதற்கு முன் அடியில் என்ன என்று கேட்க வேண்டும்.

வெள்ளியாய் மின்னும் வழக்கமான குழாய் எவர்சில்வர் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது பித்தளை வார்ப்பு. மேலே நிக்கல் சுமார் பத்து மைக்ரான், அதற்கும் மேல் அரை மைக்ரானுக்குக் குறைவான குரோமியம். குழாயின் அடிக்கழுத்தில் பச்சை பூத்தால், பூச்சு விட்டுப்போய்ப் பித்தளையின் செம்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள். வெள்ளையாகப் படிவது வேறு விஷயம். அது கடினநீரின் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு தொட்ட துணி சில நிமிடத்தில் கரைத்துவிடும்.

அலமாரிக் கதவுகளின் நீளமான கைப்பிடிப் பட்டை அலுமினியம். அதற்கும் தானே உண்டாகும் ஆக்ஸைடுத் தோல் உண்டு. தொழிற்சாலையில் மின்சாரம் பாய்ச்சி அதைப் பத்து மைக்ரான் வரை தடிமனாக்கி, துளைகளில் நிறமேற்றி மூடுகிறார்கள். உப்பை ஓரளவு தாங்கும். காரத்தைத் தாங்காது. சலவை சோடா கரைசல், டிஷ்வாஷர் பவுடர், சிமென்ட் பால் பட்டால் நிறம் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும்.

ஆசிட் வாஷ் நாள்

புதுச் சமையலறைகளை அதிகம் கெடுப்பது குடியேறிய பின் நடப்பதல்ல. குடியேறுவதற்கு முந்தைய வாரம், டைல்ஸ்காரர் தரையில் ஒட்டிய சிமென்டை எடுக்க ஒரு பிளாஸ்டிக் கேனைத் திறப்பார். ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை, மூக்கைத் துளைக்கும் நெடி. சிமென்டின் சுண்ணாம்பை அது நன்றாகவே தின்கிறது. கூடவே எழும் புகை, ஜன்னல் மூடிய சமையலறைக்குள் ஒவ்வொரு உலோகப் பரப்பிலும் போய்ப் படிகிறது. அமிலமும் குளோரைடும் ஒரே மூட்டையில்; காப்புப் படலத்துக்கு இதைவிடக் கொடிய விருந்தாளி கிடையாது. குழாய்களின் பழைய குரோமியப் பூச்சை உரித்தெடுக்கத் தொழிற்கூடங்களில் பயன்படுத்துவதும் இந்த அமிலம்தான். ஒரு துளி மேலே தெறிக்காமலே சிங்க் முழுக்கப் பழுப்பு பூத்து, கீல்களும் கைப்பிடித் திருகுகளும் ஒரே வாரத்தில் சிவந்துபோவதன் காரணம் அந்தப் புகை. குற்றம் மட்டும் சிங்க் விற்ற கடையின் தலையில் விழும்.

குழாய், கைப்பிடி, புகைபோக்கி, அடுப்பு எல்லாவற்றையும் ஆசிட் வாஷ் முடிந்து, தரையைத் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே பொருத்தச் சொல்லலாம். கிரானைட்டுக்கு அடியில் போகும் சிங்க் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது. கல் பதிக்கும்போதே அதுவும் வந்தாக வேண்டும். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள் போதும் என்று விட்டுவிடாதீர்கள், அதன் ஓரங்களில் புகையும் சிமென்ட் பாலும் புகுந்து, ஈரத்தோடு அடைபட்டு நிற்கும். டைல்ஸ்காரரிடம் சல்பாமிக் அமிலம் உள்ள கிளீனரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தூளாகக் கிடைக்கும், சிமென்டைக் கரைக்கும், அதில் குளோரைடு இல்லை. வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு முறை தேய்க்க வேண்டியிருக்கும் என்று அவர் முணுமுணுப்பார். அந்த அதிகப்படிக் கூலியை முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.